சாயும் வேம்புக்குச் சாதாரண வெட்டே போதும்

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேம்பு. அடிமரம் குறுக்கே ஒன்றரை அடி, உயரம் 40 அடி இருக்கும். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வேர் ஓடித் தொழுவத்துச் சுவரும் விரிசல் விட்டுவிட்டது, அதனால் வெட்டியே ஆக வேண்டும். சொந்தமாக மெஷின் வாள் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வயலோரத்துச் சீமைக் கருவேலமும் கொஞ்சம் சவுக்கும் வெட்டிப் பழகியிருக்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு பக்கம் சாய்கிற மரத்தை விழும்போதே திருப்பி வேறு பக்கம் போடுகிறார்கள். "அண்ணாச்சி, அந்த மாதிரி வெட்டு ஒண்ணு கத்துக்கிட்டா இதைத் தொழுவத்துக்கு எதிர்ப்பக்கம் தோட்டத்துல படுக்க வச்சிரலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேம்புக்கு அந்த வெட்டுகளில் ஒன்றும் வேண்டாம். சாதாரண வெட்டு போதும். ஆனால் அதைச் சுத்தமாகப் போட வேண்டும். சாய்வைச் சமாளிக்கிற வேலையைக் கயிற்றிடம் கொடுத்துவிட வேண்டும். 26 வருஷமாகக் கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் என்று இந்தப் பக்கத்தில்தான் மரம் வெட்டுகிறேன். பத்து மரத்தில் ஒன்பது சாதாரண வெட்டில்தான் விழுந்தன. மீதி ஒன்றுக்கு நான் பெரும்பாலும் செய்தது, ஆளை ஏற்றிக் கிளை கிளையாக இறக்கியதுதான். வித்தை காட்டியதில்லை. ஒரே ஒரு முறை காட்டினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சாதாரண வெட்டு என்பதால் அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்து எடுக்கிறோம். அது முன்வெட்டு, எங்கள் பெரியப்பா 'வாய்' என்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவது பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடுகிற பட்டையான கட்டைதான் கீல். கதவுக்குக் கீல் என்ன செய்கிறதோ அதைத்தான் மரத்துக்கு இது செய்கிறது. கீல் இருக்கிற வரை மரம் ஒரே அச்சில்தான் திரும்ப முடியும். அது அறுந்த கணத்தில் மரம் நம் கையை விட்டுப் போய்விடும். அதன் பிறகு எங்கே விழும் என்பதைச் சாய்வும் காற்றும் கிளைப் பாரமும் முடிவு செய்யும்.

உங்கள் வேம்பையே வைத்து அளவைச் சொல்கிறேன். குறுக்களவு 45 சென்டிமீட்டர். முன்வெட்டின் ஆழம் அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு, அதாவது 9 முதல் 11 சென்டிமீட்டர். கீலின் தடிமன் பத்தில் ஒரு பங்கு, நாலரை சென்டிமீட்டர். வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். 45 டிகிரி வாய் வைத்தால், மரம் பாதி சாயும்போதே வாயின் மேலுதடும் கீழுதடும் முட்டிக்கொள்ளும். முட்டிய உடனே கீல் பிய்ந்துவிடும், மீதிப் பாதித் தூரம் மரம் கட்டுப்பாடு இல்லாமல் விழும். 70 டிகிரிக்குக் குறையாமல் திறந்து வைத்தால் மரம் தரையைத் தொடப் போகிற நேரம் வரைக்கும் கீல் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்காகக் கூடுதலாகப் போவது ஒரு நிமிஷ அறுப்பு. அந்த ஒரு நிமிஷம் தருகிற பலனை எந்த வித்தை வெட்டும் தராது.

அடுத்தது, முன்வெட்டின் இரண்டு அறுப்பும் உள்ளே ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். துண்டு கழன்று விழுந்ததும் நான் முதலில் செய்வது, வாய்க்குள் விரலை விட்டுத் தூளைத் துடைத்துவிட்டுப் பார்ப்பது. மேலறுப்போ கீழறுப்போ மற்றதைத் தாண்டி உள்ளே போயிருந்தால் மூலையில் மெல்லிசாக ஒரு கோடு தெரியும். நகம் இறங்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத கீறல். ஆனால் மரம் அசையத் தொடங்கியதும் முதலில் மூடுவது அந்தக் கீறல்தான். அகலமாக வைத்த வாய் அப்படியே திறந்து கிடக்க, இந்த மெல்லிய இடைவெளி ஒன்றிரண்டு டிகிரியிலேயே முட்டி நின்றுவிடும். பிறகு கீல் முன்னாலேயே முறியும், இல்லையென்றால் தடி மேல்நோக்கிப் பிளக்கும். அதனால் கீறல் இருந்தால் வாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுத்தமாக வெட்டிவிட்டுத்தான் பின்னால் போவேன்.

இப்போது நீங்கள் வீடியோவில் பார்த்த திருப்பு வெட்டுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நாம் தப்பு என்று திருத்துகிற அதே கீறலை வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வேண்டுமென்றே விடுகிறார்கள். சாய்கிற பக்கத்துப் பாதி முதலில் முட்டி, அந்தப் பக்கத்துக் கீல் முறியும். எதிர்ப்பக்கத்தில் தடிமனாக விட்ட கீல் நார் அறுபடாமல் மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் மரம் திரும்பிக்கொண்டே விழும். அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மரத்தைத் திசை மாறாமல் பிடித்து வைத்திருப்பது கீல் ஒன்றுதான். இந்த வெட்டு அதில் பாதியை முதலிலேயே பலி கொடுத்துவிட்டு, மீதிப் பாதி தாங்கும் என்று நம்புகிறது. மீதிப் பாதி தாங்குமா என்பது வெட்டுகிறவன் கையில் இல்லை, அந்த மரத்தின் நாரில் இருக்கிறது.

இந்த மாதிரிச் சிறப்பு வெட்டுகள் பலவும் பிறந்தது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில். பெயரிலேயே ஊர் இருக்கிறது: ஹம்போல்ட் வெட்டு கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் பகுதி, கூஸ் பே வெட்டு ஆரிகன் மாநிலத்துக் கூஸ் பே. அங்கே டக்ளஸ் ஃபிர் மாதிரியான ஊசியிலை மரங்கள் 60 மீட்டருக்கும் மேல் தூண் மாதிரி நிற்கும். நேர் நார், நீண்ட நார், பச்சையாக இருக்கும்போது வளைந்து கொடுக்கிற நார். பாரம் தண்டின் நடுக்கோட்டிலேயே இருக்கும். அந்த ஊர்க்காரன் ஒரே சாதி மரத்தை ஆயிரக்கணக்கில் வெட்டி, எந்த நார் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கையில் பிடித்து வைத்திருக்கிறான். நம் ஊரில் அப்படியா? தெருவில் நாலு மரம் என்றால் நாலும் நாலு சாதி. புளியில் நார் முறுக்கிக்கொண்டு போகும். தூங்குமூஞ்சி மரம் உயரத்தைவிட அகலமாக விரிந்து, பாரம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நிற்கும். முருங்கையும் இலவமும் சடக்கென்று ஒடியும். வேம்பு பச்சையாக இருந்தால் கீல் ஓரளவு பிடிக்கும், காய்ந்துவிட்டால் வளையாது, முறியும்.

இனி நான் வித்தை காட்டிய கதை. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தோப்பு, பன்னிரண்டு வருஷம் இருக்கும். மோட்டார் அறைப் பக்கம் சாய்ந்த ஒரு வாகை. எதிர்ப்பக்கம் இழுத்துப் போட இடம் இருந்தது, ஆனால் அங்கே தோட்டக்காரர் புடலைப் பந்தல் போட்டிருந்தார். காய்ப்பு நேரம். "பந்தலைப் பிரிக்காம போட முடியாதா?" என்று கேட்டார். நான் அப்போதுதான் திருப்பு வெட்டைப் பழகுவதற்காகச் சவுக்கில் நாலைந்து முறை போட்டு, விழுந்ததெல்லாம் சொன்ன இடத்தில் விழுந்த தைரியத்தில் இருந்தேன். சரி என்றேன். வாகையின் ஒரு பெரிய கிளை பட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் அது தண்டுக்குள்ளும் எவ்வளவு தூரம் காய்ந்து இறங்கியிருக்கும் என்று யோசிக்கவில்லை. பின்வெட்டில் மூன்றில் இரண்டு பங்கு போனபோது தூளின் நிறம் மாறியது. ஈரமாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது, பொடியாக மாவு மாதிரி பறந்தது. அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். மரம் அசைந்தது, நினைத்தபடியே பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. ஒரு கை அகலம் திரும்பியிருக்கும். இழுக்க வேண்டிய மூலைக் கீல் 'டக்' என்று ஒரே சத்தத்தில் போய்விட்டது. நல்ல கீல் அப்படிப் போகாது, கிரீச்சிட்டுக்கொண்டே நார் நாராகப் பிரியும். மரம் அதன் சாய்வுப்படியே மோட்டார் அறை மேல் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. ஓடு, கைமரம், ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாவற்றுக்கும் நான்தான் பணம் கொடுத்தேன். கொடுத்தது நியாயம்தான், முழுத் தப்பும் என்னுடையது. அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தபோது, எந்த மூலையை நம்பினேனோ அந்த மூலைதான் உள்ளே பழுப்பாகக் காய்ந்து கிடந்தது.

புடலைப் பந்தலைப் பிரித்துக் கட்ட இரண்டு ஆள், அரை நாள். அதற்குப் பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. சாதாரண வெட்டு பொருந்தவில்லை என்றால் வெட்டை மாற்றுவதற்கு முன்னால் மற்றதையெல்லாம் மாற்றிப் பார்க்கிறேன். விழும் இடத்தை மாற்ற முடியுமா, நேர் எதிர்ப்பக்கம் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போட்டால் போதுமா, வேலியை ஒரு நாள் கழற்றி வைக்கலாமா, சாய்கிற பக்கத்துக் கிளைகளை முதலில் இறக்கினால் பாரம் நடுவுக்கு வருமா என்று. இதில் ஏதாவது ஒன்று அநேகமாகக் கை கொடுத்துவிடும்.

சிக்கலான வெட்டுகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அது குத்துவெட்டு. காரணம், மற்ற வெட்டுகள் கீலைத் தின்கின்றன. இது கீலைக் காப்பாற்றுகிறது. எந்தப் பக்கம் போட வேண்டுமோ அந்தப் பக்கமே மரம் பலமாகச் சாய்ந்து நின்றால் சுலபம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அதுதான் ஆளைக் கொல்லும் மரம். பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டு வரும்போது, கீல் சரியான தடிமனுக்கு வருவதற்கு முன்னாலேயே மரம் விழத் தொடங்கும். அறுபடாத கட்டை இன்னும் தடிமனாக இருப்பதால் வளையாது. தடி நெடுக்காகப் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் உதைத்துக்கொண்டு எழும்பும். தைல மரம், சவுக்கு மாதிரி நேர் நார் உள்ளவற்றில் இது அதிகம். கடையத்துக்கு மேற்கே ஒரு தைல மரத்தில் என் கண் முன்னாலேயே நடந்தது. பிளந்த பாதி பெரியப்பாவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், மேலே நின்று, அப்புறம் அவர் நின்றிருந்த இடத்திலேயே வந்து விழுந்தது. அவர் பின்பக்கம் நேராக ஓடாமல் பக்கவாட்டில் சாய்வாக ஓடியதால் பிழைத்தார். கோடாலிக் காலத்துப் பழக்கம். மெஷின் வாளுக்கும் அதே விதிதான்: விழும் திசைக்குப் பின்புறம் 45 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் வழி ஒதுக்கி, முள்ளும் கொடியும் இல்லாமல் முதலிலேயே சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

குத்துவெட்டில் முன்வெட்டு வழக்கம்போலத்தான். அதன் பிறகு பின்னாலிருந்து அறுக்காமல், தடியின் பக்கவாட்டிலிருந்து, கீலுக்கு நேர் பின்னால் வாளின் பார், அதாவது சங்கிலி ஓடுகிற நீளப் பட்டை, அதன் முனையை உள்ளே குத்தி இறக்குகிறோம். முனை மறுபக்கம் வந்ததும் பின்னோக்கி அறுத்துக்கொண்டு போய், கடைசிப் பின்பட்டையில் ஒரு பிடி கட்டையை விட்டு நிறுத்துகிறோம். இப்போது கீல் சரியான அளவில் தயாராகிவிட்டது, மரமோ பின்னால் விட்ட பிடியில் அசையாமல் நிற்கிறது. வாளை வெளியே எடுக்கலாம், சுற்றிப் பார்க்கலாம், ஆட்களை விலக்கலாம். எல்லாம் சரி என்றால் வெளியிலிருந்து அந்தப் பிடியை அறுத்ததும் மரம் ஒரே மூச்சில் போகும், பிளக்க நேரமே இருக்காது. இதில் ஒரு ஆபத்து உண்டு. பார் முனையின் மேல்பாதி கட்டையில் பட்டால் வாள் அப்படியே முகத்தைப் பார்த்து எகிறும். எப்போதும் முனையின் கீழ்ப்பாதியால் முதலில் பள்ளம் விழ வைத்து, பிறகுதான் நேராக்கி உள்ளே தள்ள வேண்டும். நிற்கிற மரத்தில் இதைப் பழகாதீர்கள். வெட்டின மரத்தின் அடிக்கட்டையை மூன்றடி உயரம் விட்டு, அதில் இருபது முப்பது முறை குத்திப் பாருங்கள். முன்வெட்டையும் அதிலேயே பழகலாம், கீறல் விழாமல் பத்துக்குப் பத்து வரும் வரைக்கும். மரம் ரொம்பச் சின்னது என்றால் கீலுக்கும் பிடிக்கும் நடுவில் பாருக்கே இடம் இருக்காது, அங்கே இது செல்லாது.

உங்கள் வேம்பு பின்பக்கம் சாய்ந்த மரம், அதாவது விழ வேண்டிய பக்கத்துக்கு எதிரே சாய்ந்தது, அதனால் குத்துவெட்டும் இதற்குத் தேவையில்லை. கேள்வி ஆப்பா, கயிறா என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்வெட்டும் கீலும் போக, கீலிலிருந்து பின்பட்டை வரை ஒரு அடி மிஞ்சும். பின்வெட்டில் ஆப்பு அடித்து ஓர் அங்குலம் தூக்கினால், 40 அடி மரத்தின் உச்சி 40 அங்குலம் நகரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு பலம் வேண்டும்? மரம் ஒன்றரை டன், அதன் பாரமையம் கீலுக்கு ஒன்றரை அடி தொழுவப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓரடித் தூரத்தில் இருக்கிற ஆப்பால் தூக்க இரண்டேகால் டன் அழுத்தம் வேண்டும். அதே மரத்தில் 25 அடி உயரத்தில் கயிறு கட்டி இழுத்தால் நெம்பு 25 மடங்கு நீளம். கயிறு சரிவாக இறங்குவதையும் சேர்த்து நூறு கிலோ சொச்சம் இழுப்பு போதும். கீல் வளைய இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சம்மட்டியால் ஆப்பை அடித்து அடித்து மரத்தை அதிர வைப்பதைவிட, நாலு பேர் நிதானமாகக் கயிற்றை இழுப்பது எவ்வளவோ மேல். ஆப்பு அப்போதும் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு: பார் முழுசாக உள்ளே போனதும் பின்னால் ஓர் ஆப்பைத் தட்டி வைக்காவிட்டால் மரம் பின்னால் உட்கார்ந்து வாளைக் கவ்விக்கொள்ளும்.

சாய்வை வெறும் கண்ணால் நம்பக் கூடாது. கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, மரத்தை இரண்டு பக்கத்திலிருந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பக்கம். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரிகிற மரம் இன்னொரு பக்கத்திலிருந்து மூன்றடி சாய்ந்திருக்கும். உயரத்துக்குக் கண்ணிலிருந்து நீட்டின கை முஷ்டி வரை உள்ள அளவில் ஒரு கம்பு போதும். அதே அளவு முஷ்டிக்கு மேலே நிற்கும்படி செங்குத்தாகப் பிடித்து, கம்பின் அடி மரத்தின் அடியையும் நுனி உச்சியையும் தொடுகிற வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு உயரம். உச்சி எங்கே வந்து விழும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வேடிக்கை பார்க்கிறவர்கள் அந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால்தான் நிற்க வேண்டும்.

பனை, தென்னையைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும், நம் பக்கத்தில் அது இல்லாமல் எப்படி? பனையில் வைரம் முழுக்க வெளிச்சுற்றில், நடுவில் சோறு. ஆழமாக முன்வெட்டு போட்டால் முன்பக்கத்து வைரம் போய்விடும், கீலில் மிஞ்சுவது நடுச்சோறும் இரண்டு ஓரமும்தான். அதனால் வாயை ஆழம் குறைவாக வைத்து, இரண்டு ஓரத்தையும் சமமாக விட்டு, கயிறு கட்டாமல் தொடவே கூடாது. பக்கவாட்டுக் கீல் வித்தை எதுவும் பனையில் பலிக்காது. வீட்டுக்கு நடுவில் நிற்கிற தென்னை என்றால் ஏறுகிற ஆளைக் கூப்பிட்டுக் கொண்டையை இறக்கி, துண்டு துண்டாக எடுப்பதுதான் ஒழுங்கு. பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. சந்தனம், ஈட்டி என்றால் வனத்துறையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதை வெட்டின பிறகு கேட்பதில் பயனில்லை. சீமைக் கருவேலத்தில் வெட்டு நுட்பமே தேவையில்லை, முள்ளும் வளைந்த கிளையின் உதையும்தான் அபாயம். வெறுமனே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குவதே வேலை.

பொந்து விழுந்த மரம் தனி விஷயம். கோடாலிப் புறத்தால் அடியிலிருந்து ஆள் உயரம் வரை சுற்றித் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் 'டம்' என்று மாறுகிற இடத்தில் கீல் வைக்காதீர்கள். வயதான புளி நடுவில் அநேகமாகப் பொந்தாக இருக்கும், வெளிச்சுவர் மட்டும்தான் தாங்கிக்கொண்டிருக்கும். கெட்டியாக இருக்கிற உயரத்துக்குப் போய் வெட்டலாம், அல்லது ஏறி இறக்கலாம்.

2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோதும் வேரோடு சாய்ந்த மரங்களை நிறைய வெட்டினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின அந்த மழையில் ஆற்றோரத்து மருதமரங்கள்கூட வேர் அரித்துப் படுத்தன. கிடக்கிற மரம்தானே என்று கை வைத்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். வில் மாதிரி வளைந்து கிடக்கிற தடியில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், மறுபக்கம் இழுபட்டிருக்கும். அமுங்கின பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகு இழுபட்ட பக்கம் அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தடி உதைக்கும், அல்லது பிளக்கும். தடியை அறுத்துப் பிரித்ததும் மண்ணோடு நிற்கிற வேர்ப்பாதி திடீரென்று பழைய குழிக்குள் திரும்ப உட்கார்ந்துவிடும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அறுக்கும் முன்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

நாள் பார்ப்பதும் இருக்கிறது. ஆனி, ஆடியில் நம் பக்கம் மரம் வெட்ட வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். விரிந்த தலையுள்ள மரத்துக்கு அந்தக் காற்றே ஒரு கயிறு, எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலம் ஊறியிருக்கும், ஓட வேண்டிய கால் வழுக்கும். தை பிறந்து நிலம் இறுகின பிறகு, விடியற்காலையில் காற்று எழும் முன்னால் தொடங்குவது நல்லது. கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கூந்தன்குளத்திலும் திருப்புடைமருதூரிலும் மரத்தைப் பறவைக்கு விட்டுக்கொடுத்து வாழ்கிற சனம் நாம். ஒரு காக்கைக் கூட்டுக்காகக் குஞ்சு பறக்கிற வரை தள்ளி வைத்தால் ஒன்றும் குறையாது.

சரி, உங்கள் வேம்பு. தலைக்கவசம், காதடைப்பு, காலுக்கு வெட்டுத் தாங்கும் உறை இல்லாமல் தொடங்காதீர்கள். தொழுவம் பக்கம் சாய்ந்த மரத்தை ஒரு வருஷப் பழக்கத்தில் தனியாகத் தொட வேண்டாம், பின்சாய்வு மரம் பல வெட்டின ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மின்கம்பி விழும் வட்டத்துக்குள் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தின பிறகுதான் வேலை. முதலில் மரம் ஏறுகிறவரை வைத்துத் தொழுவத்துப் பக்கத்துப் பெரிய கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். வேப்பங்கிளை சட்டென்று முறியும் என்பதால் ஏறுகிறவர் தன் இடுப்புக் கயிற்றைத் தண்டோடு கட்ட வேண்டும், கிளையோடு வேண்டாம். அவர் இறங்கும் முன்னாலேயே 25 அடி உயரத்தில் தண்டைச் சுற்றி இழுகயிறு போட்டுவிடட்டும். கயிறு நூறு அடிக்குக் குறையக் கூடாது. இழுக்கிறவர்கள் மரத்தின் உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டும், அல்லது ஒரு கப்பி வைத்துப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளலாம். டிராக்டர் வைத்தால் ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: உலுக்கக் கூடாது, கீல் தயாராகும் முன்னால் பலமாக இழுக்கவும் கூடாது, இழுத்தால் தடி பிளக்கும். கயிறு தொய்வு போகிற அளவுக்கு லேசாக இழுத்துப் பிடித்து வைக்கட்டும்.

நீங்கள் தோட்டத்துப் பக்கம் அகலமாக வாய் வைத்து, மூலையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, பின்வெட்டைத் தொடங்குங்கள். பார் உள்ளே போனதும் ஆப்பு. கீல் நாலரை சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்திவிடுங்கள், ஒரு நூல்கூட மேலே வேண்டாம். வாளை எடுத்துக்கொண்டு ஒதுக்கின வழியில் விலகி நின்று, அப்புறம் கையைக் காட்டி இழுக்கச் சொல்லுங்கள். கீல் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டபடியே மரம் மெதுவாக நிமிர்ந்து, நடுவைத் தாண்டி, தோட்டத்துப் பக்கம் போய்ப் படுக்கும். தூசி அடங்கினதும் அடிக்கட்டையைப் பாருங்கள். கீல் இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமனில், நார் நாராகப் பிய்ந்து நின்றால் வெட்டு சரி. ஒரு ஓரம் மெலிந்திருந்தால் எந்தப் பக்கம் கை தாழ்ந்தது என்பது அதிலேயே தெரியும், அடுத்த மரத்தில் திருத்திக்கொள்ளலாம்.

மாடுகளை மட்டும் முந்தின நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கட்டிவிடுங்கள். வாள் சத்தத்தில் அவை அறுத்துக்கொண்டு ஓடினால் கயிற்றுக்குக் குறுக்கே வந்து நிற்கும்.